எல்லார் வீட்டிலும் ஆவுடைத்தங்கம்

பொட்டல்பேரியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கதவைத் தட்டுகிறவர் ஒன்று போலீஸ்காரராக இருப்பார், இல்லையென்றால் கரண்டு கணக்கெடுக்க வந்தவராக இருப்பார் என்பது ஊர் நம்பிக்கை. மற்றவர்கள் எல்லாரும் முடுக்குச் சந்து திரும்பும்போதே "நாந்தாம்ளா" என்று ஒரு குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவார்கள். உள்ளே இருக்கிறவள் அந்த ஒரு குரலை வைத்தே வருவது யார், என்ன காரியமாக வருகிறார், மனசு சரியாக இருக்கிறதா, காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கலாமா, அல்லது தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொள்ளலாமா என்பதுவரை தீர்மானித்துவிடுவாள். குரல் கொடுக்காமல் வாசலில் வந்து நிற்பதை அந்த ஊரில் நாய்கூடச் செய்யாது.

அப்படிப்பட்ட ஊரில்தான் ஆவுடைத்தங்கம் தன் குரலை மிச்சமில்லாமல் கொடுத்துவிட்டு நின்றாள்.

பொட்டல்பேரி பீடி சுற்றும் ஊர். மேற்கே மலை தெரியும். மழையும் தெரியும், ஆனால் மலையோடு நின்றுவிடும், ஊருக்குள் வராது. விவசாயத்தை நம்பி இருந்தவர்கள் எல்லாம் பம்பாய்க்கும் சூரத்துக்கும் போய்விட, பெண்கள் வேப்பமரத்துக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையில் தூளை நிரப்பிச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டே ஆண்கள் திரும்பி வருவதற்குக் காத்திருந்தார்கள். வந்த ஆண்களும் உண்டு, வராத ஆண்களும் உண்டு. ஆவுடைத்தங்கத்தின் புருஷன் வராதவர்களில் ஒருவன்.

பீடி சுற்றுகிறவளுக்குக் கை ஓயாது, கண் ஓயாது, காது மட்டும் சும்மா இருக்கும். காது சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது. வாய் சும்மா இல்லாவிட்டால் ஊரில் ஒரு குடும்பம் உருப்படாது. இதைக் கண்டுகொண்ட யாரோ ஒரு புண்ணியவதி என்றைக்கோ ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தாள். கொட்டகையில் ஒருத்தி சுற்றமாட்டாள், வாசித்துக்கொண்டிருப்பாள். அவள் பங்குப் பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சாயங்காலம் அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். இதற்குப் பதிலாக வாசிக்கிறவளுக்கும் ஒரு கடமை இருந்தது. அவள் மிச்சம் வைக்கக் கூடாது. சுருக்கக் கூடாது, விழுங்கக் கூடாது, பிடிக்காத இடத்தைத் தாண்டக் கூடாது, அழவேண்டிய இடத்தில் தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கௌரவம் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் விரலைக் கொடுக்கிறார்கள் என்றால் அவள் குரலை முழுசாகக் கொடுக்கவேண்டும். கோயில் வரியைக்கூட ஏமாற்றுவார்கள், இந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை.

ஆவுடைத்தங்கத்தின் குரல் ஒன்றும் குயில் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, வேகமாகப் போனால் கொஞ்சம் மூக்கு. ஆனால் அவள் 'மழை' என்று வாசித்தால் கொட்டகையில் இரண்டு பேராவது மாராப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். முதலில் தினத்தாள் வாசித்தாள், பிறகு தொடர்கதை வாசித்தாள், மகள் செண்பகம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளுடைய பாடப்புத்தகங்களை வாசித்தாள். அப்படித்தான் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத வெள்ளத்தாய்க்கு இதயத்தின் அறைகளும் இலை தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும் விதமும் தெரிந்துபோயின. வெள்ளத்தாய் ஆவுடைத்தங்கத்துக்கு நாத்தனார் முறை, பக்கத்து முறக்காரி, ஊரிலேயே வேகமான விரல்காரி. மாமியாரோடு சண்டை வந்தால், "ஒன் இதயத்துல எடது கீழறைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?" என்றுதான் கேட்பாள்.

அனைவர் நூலகத்தின் வண்டி ஊருக்குள் வந்தது அப்போதுதான்.

அதில் வந்த அதிகாரியின் பெயர் சுகந்தன். மரியாதையான ஆள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தார். நாட்டிலுள்ள எல்லாப் பாடமும் எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் இருக்கப்போகிறது, கையில் ஒரு போன் இருந்தால் போதும், மலையில் இருக்கிற பிள்ளையும் தீவில் இருக்கிற பிள்ளையும் ஒரு பைசா இல்லாமல் படிக்கலாம், கேட்கலாம், சந்தேகம்கூடக் கேட்கலாம் என்று சொன்னார். எல்லாம் தயாராக இருக்கிறது, குரல் மட்டும்தான் குறை. இயந்திரத்தை வைத்து வாசித்துப் பார்த்தார்களாம், பிள்ளைகள் தூங்கிப்போனார்களாம். ஊர் ஊராகக் குரல் தேடி வருகிறவர், வெளியே வண்டியை நிறுத்திவிட்டு ஆவுடைத்தங்கம் நீர்ச் சுழற்சியை வாசிப்பதை முழுக்கக் கேட்டிருக்கிறார். வாசித்து முடிக்கிறவரை வண்டி ஓட்டுநர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"நகல்தாம்மா எடுப்போம்," என்றார் சுகந்தன். "அசல் உங்ககிட்டயேதான் இருக்கும். விளக்குல இருந்து விளக்கு ஏத்துற மாதிரி."

"எம் மக படிக்கிற பாடமும் இதுல வருமாய்யா?" என்று ஆவுடைத்தங்கம் கேட்டாள்.

"எல்லாப் பிள்ளைங்க பாடமும் வரும்மா."

"அப்பம் சரிதான்," என்றாள்.

பஞ்சாயத்து ஆபீசின் பின்னறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, ஜன்னலுக்குக் கோணிச்சாக்கு கட்டி, அவளை உள்ளே உட்காரவைத்தார்கள். பங்குனி வெயிலில் தொடங்கி ஐப்பசி மழை மலையில் இறங்குகிறவரை அவள் வாசித்தாள். அகரத்தில் தொடங்கி, கணக்கு வாசித்து, பூகோளம் வாசித்து, ராஜாக்கள் செத்ததையும் ராஜ்ஜியங்கள் கவிழ்ந்ததையும் வாசித்து, தவளையை அறுக்கும் பாடத்தில் தவளைக்காக அழுது வாசித்து, ஒரு சொல்லை மென்று விழுங்காமல், ஒரு பெருமூச்சைக்கூட வீட்டுக்கு என்று ஒதுக்காமல் வாசித்தாள். அத்தனை மாதமும் கொட்டகைப் பெண்கள் அவள் பங்கைச் சுற்றிச் செண்பகத்தின் கையில் கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் கொடுக்கக் கொடுக்க, மிச்சம் வைத்தால் பாவம் என்று இவள் இன்னும் அடியாழத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பாடத்தின் கடைசி வரியை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, "ஒரு செம்பு தண்ணி கொடுங்க" என்று கேட்க வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஊர் இதற்கு ஒன்றும் ஆடிப்போய்விடவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று மிளகுக் கஷாயம் வைத்தார்கள், கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார்கள், இசக்கியம்மன் கோயிலில் திருநீறு போட்டார்கள். டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, தொண்டைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு, ஆள் வெளியூர் போயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு சுகந்தனை வரவழைத்தார்கள். அவர் பாவம், உண்மையிலேயே பதறிப்போனார்.

"மத்த ஊர்லயும் வாசிச்சாங்கம்மா. எல்லாரும் வீட்டுக்குன்னு கொஞ்சம் வச்சுக்கிட்டுத்தான் வாசிச்சாங்க. பிள்ளையக் கொஞ்ச, மாடு பத்த, சண்டை போடன்னு யாரும் கொஞ்சம் வச்சுக்குவாங்க. இப்படி வழிச்சுக் கொடுப்பாங்கன்னு நாங்க நெனைக்கலயே."

"நகல்னு சொன்னீகளே?" என்றாள் வெள்ளத்தாய்.

"நாங்க நகல்தான் எடுத்தோம். அசலும் கூடவே வந்துட்டுது."

ஏதாவது வழியிருக்கிறதா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். மேலிடம் ரொம்ப உயரத்தில் இருக்கும்போலிருக்கிறது.

தை பிறந்ததும் நூலகம் திறந்தது. அன்று காலையில் பொட்டல்பேரியின் எல்லாப் போன்களிலும் ஆவுடைத்தங்கம் 'அ' சொன்னாள். அடுத்த வாரம் கன்னடத்தில் சொன்னாள், அப்புறம் மராத்தியில், வங்காளத்தில், பனி பெய்கிற ஊர்களின் பாஷையில், பெயரே கேள்விப்படாத காட்டுப் பாஷைகளில் சொன்னாள். லாரி ஓட்டுகிற சேர்மக்கனி ஒரிசாவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே கடைக்காரன் மகளுக்கு ஆவுடைத்தங்கம் ஒடியாவில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதைக் கேட்டு, க்ளாஸைக் கீழே போட்டு உடைத்துவிட்டு வந்தான். "பாஷைதான் வேற மக்கா. ஆனா நம்ம மைனிதான். ஏழாம் வாய்ப்பாட்டுல பிள்ள தப்பு விட்டதும் மூக்கால ஒரு அதட்டு அதட்டுச்சு பாரு, எனக்கே ஒண்ணுக்கு வந்துட்டு," என்றான்.

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அதில் ஆவுடைத்தங்கம் சிறிதாகவும் பஞ்சாயத்துத் தலைவர் பெரிதாகவும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பெருமை கொஞ்சம் பழசானதும் வசதி தொடங்கியது. பெருமை ஒருவரைத் தோளில் தூக்கும், வசதி அவரை இறக்கி மூலையில் வைக்கும். எங்கும் நடப்பதுதான்.

நூலகத்தில் 'சந்தேகம் கேளுங்கள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. பிள்ளைகள் கணக்கில் சந்தேகம் கேட்டார்கள், குரல் பொறுமையாகப் பதில் சொன்னது. பிறகு தாய்மார்கள் தங்கள் சந்தேகங்களைக் கேட்கத் தொடங்கினார்கள். குழம்பில் உப்புக் கூடினால் என்ன செய்வது, சூரத்துக்குப் போனவன் போனை எடுக்காவிட்டால் எப்போது கவலைப்படத் தொடங்குவது, இந்த மாப்பிள்ளையை நம்பலாமா, அந்த நாத்தனாரை நம்பலாமா என்று கேட்டார்கள். ஆவுடைத்தங்கம் இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதையே, அவள் சொல்கிற மாதிரியே, நடுவில் "கேளு, சொல்லுதேன்" என்று சேர்த்துக் குரல் சொன்னது. பச்சைப்பிள்ளைகள் அந்தக் குரல் இல்லாமல் சோறு தின்னவில்லை. வடக்கே கட்டிக்கொடுத்த பெண்கள் அதைக் காதோரம் வைத்துக்கொண்டு அழுதார்கள். இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவுக்கு மைக்செட்டில் அதைத்தான் போட்டார்கள். அம்மன் வரலாற்றைக் குரல் சொன்னபோது சாமியாடிக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அருள் வந்தது.

கொட்டகையில் ஆவுடைத்தங்கம் உட்காரும் முக்காலியின்மேல் ஒரு போனை வைத்தார்கள். முதலில் அவளுடைய பங்கை அவளுக்கே கொடுத்தார்கள். குரல் அவளுடையதுதானே. பிறகு ஒருநாள் யாரோ ஒருத்தி, பங்கு வாசிக்கிறவளுக்குத்தான், வாசிக்கிறது முக்காலியில் இருக்கிறதே என்று சொன்னாள். அது நியாயமாகத்தான் பட்டது. எனவே தினமும் பங்குப் பீடியைப் போனுக்கு முன்னால் படைத்து, சாயங்காலம் பிரசாதம்போல எல்லாரும் பகிர்ந்து எடுத்துக்கொண்டார்கள். ஆவுடைத்தங்கம் ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். வருஷக்கணக்காகச் சுற்றாத விரல்கள். அவள் சுற்றிய பீடி தொளதொளவென்று வந்தது, பீடி வாங்கும் கடைக்காரர் அதை ஒடித்துக் கழிவில் போட்டார். பக்கத்தில் வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் வேகமாகச் சுற்றினாள். முக்காலியிலிருந்து ஆவுடைத்தங்கத்தின் குரல் உழைப்பின் உயர்வைப் பற்றிய பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தது.

ஊருக்குள் போனால் அதைவிட மோசம். முடுக்கு திரும்பும்போது குரல் கொடுக்க அவளுக்கு வழியில்லை. வாசலில் போய் நின்றால் யாருக்கும் தெரியவில்லை. கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுபோனது, "யாரோ தட்டுதாங்க, கரண்டுக்காரங்களா இருக்கும், சத்தங்காட்டாம இரு" என்று யாராவது கிசுகிசுத்தார்கள். அதிசயமாக மழை மலையை விட்டிறங்கி ஊருக்குள் வந்த ஒருநாள், அவள் வெள்ளத்தாய் வீட்டு வாசலில் நனைந்துகொண்டே நின்றாள். உள்ளே அவளுடைய குரல் வெள்ளத்தாயின் பிள்ளைகளுக்குப் பருவக்காற்று எப்படி மழையைக் கொண்டுவருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தது. முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பிப்போனாள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்கமுடியாமல் போனது செண்பகம் செய்ததைத்தான்.

செண்பகம் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருந்த பெண். அம்மாவுக்குக் குரல் போன புதிதில் அவள்தான் அதிகம் அழுதாள். அம்மாவின் கையசைவு, கண்ணசைவு ஒவ்வொன்றையும் படித்து ஊருக்குச் சொன்னாள். முன்பெல்லாம் அந்த வீட்டில் பேச்சு ஓய்ந்ததே கிடையாது. உலை கொதிக்கும்போதும் பேசுவார்கள், பேன் பார்க்கும்போதும் பேசுவார்கள், சண்டைபோட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தபிறகும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு அமைதியான வீடு எவ்வளவு நாள் தாங்கும்? ஒருநாள் போனை எடுத்து அந்தப் பொத்தானை அழுத்தி, "அம்மா" என்றாள். "சொல்லுளா," என்றது குரல்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் செண்பகம் அடுப்படிக்கு வருவது குறைந்தது. பானைகள் அடுக்கிய மூலையில் சுவரைப் பார்த்துக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள், சிரித்தாள், சில நேரம் கோபித்துக்கொண்டாள். இன்னொன்றும் நடந்தது. ஆவுடைத்தங்கத்துக்குப் பேச்சுத்தான் போனது, காது போகவில்லை. ஆனால் செண்பகம் அம்மாவிடம் கையாலேயே பேசத் தொடங்கினாள். பசிக்கிறது என்பதற்கு வயிற்றைத் தட்டினாள், வெளியே போகிறேன் என்பதற்கு வாசலைக் காட்டினாள். ஒருநாள் 'அம்மா' என்று கூப்பிடவேண்டிய இடத்தில் தரையைக் காலால் தட்டினாள். மாட்டைக்கூட அந்த ஊரில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆவுடைத்தங்கம் அப்படியே சோற்றுக் கரண்டியோடு எழுந்து, தெருவழியே ஓடி, வெள்ளத்தாயின் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தன் தொண்டையைத் தானே பிடித்துக் குலுக்கினாள். சத்தமில்லாமல் ஒரு பெண் அழுவதைப் பார்க்க எந்தக் கல்மனசுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"இரு மைனி, இரு. நாங்க கண்ணவிஞ்சு போனோம்," என்று வெள்ளத்தாய் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு நூலகத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஆவுடைத்தங்கத்தின் குரல்தான்.

"வணக்கம், அனைவர் நூலகம். என்ன உதவி வேணும்?"

"மைனி, நான் வெள்ளத்தாயி பேசுதேன். ஒன் குரலத் திருப்பிக் கேக்கா."

"யாரு கேக்கா?"

"நீதான் கேக்க. எம்முன்னாலதான் உக்காந்திருக்க."

குரல் நூலகத்தின் விதியை, ஒரு பாடத்தைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னது. உரியவளை அறியாதவர்கள் எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் அது குரலைக் கட்டிப்போடாது. அவளை அறிந்தவர்கள், அவள் பக்கத்தில் ஊமையாக இருக்கிறாள் என்று தெரிந்தே கேட்பதுதான் அதைக் கட்டிப்போடுகிறது. அவளை அறிந்த அத்தனை பேரும் ஒருநாள், சூரியன் எழுந்து விழுகிறவரை, அந்தக் குரலைக் கேட்காமலும் அதனோடு பேசாமலும் இருந்தால், அது தானாக வீட்டுக்குத் திரும்பும். நூலகத்துக்கு நகல் மிச்சமிருக்கும். பாடங்கள் அப்படியே இருக்கும், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது.

"அவ்வளவுதானா?" என்றாள் வெள்ளத்தாய்.

"அவ்வளவுதான். ஆனா ஒரேயொரு தடவதான் முடியும். அந்த நாள்ல ஒருத்தர் பேசிட்டாலும் குரல் இங்கயே தங்கிரும்," என்றது குரல்.

வெள்ளத்தாய் ஊரைக் கூட்டினாள். வைகாசி விசாகத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். இசக்கியம்மன் சன்னிதியில் சூடம் கொளுத்தி, ஒவ்வொருவராக வந்து சூடத்தை அடித்து அணைத்து, அன்றைக்கு நூலகத்தைக் கேட்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் செய்தார், டீக்கடைக்காரர் செய்தார், கொட்டகைப் பெண்கள் முறத்தில் பட்ட கையோடு வந்து செய்தார்கள், சூரத்திலிருந்த பெண்கள் வீடியோவில் தங்கள் ஊர்ச் சூடத்தை அடித்தார்கள். ஆனால் முதலில் வந்து கை நீட்டியது செண்பகம். சூடம் நன்றாகப் பிடித்து எரியுமுன்பே அடித்தாள், உள்ளங்கை சிவந்துபோனது. ஆவுடைத்தங்கம் அந்தக் கையைப் பிடித்து வாயால் ஊதினாள். ஊதுவதற்குக் குரல் தேவையில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள், ஊர் அப்படி ஒரு யோக்கியமான நாளை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. டீக்கடைக்காரர் தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் போனை அரிசிப் பானைக்குள் போட்டுப் பானைமேல் தானே உட்கார்ந்துகொண்டார். தலைவர் போனைக் கொண்டுபோய் எதிர்க்கட்சிக்காரரிடம் கொடுத்துவைத்தார், உலகத்தில் வேறு யாரும் அதை அவ்வளவு கண்டிப்பாகப் பூட்டிவைக்க மாட்டார்கள் என்று. பச்சைப்பிள்ளைகள் சோறு தின்னாமல் அழுதன, தாய்மார்கள் தங்கள் சொந்தக் குரலில், மறந்துபோயிருந்த தாலாட்டுகளைத் தப்பும் தவறுமாகப் பாடி ஊட்டினார்கள். கொட்டகையில் முக்காலி காலியாக இருந்தது. விரல்கள் ஓடவில்லை. கடைசியில் வெள்ளத்தாய் தினத்தாளை எடுத்து, ஆவுடைத்தங்கத்திடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒரு கிணறு வெட்டப்போகும் செய்தியை முற்பகல் முழுக்க வாசித்தாள். மற்றவர்கள் அவள் பங்கையும் ஆவுடைத்தங்கத்தின் பங்கையும் சேர்த்துச் சுற்றினார்கள்.

உச்சிப்பொழுதுக்கு ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு விக்கல் வந்தது. சத்தத்தோடு வந்தது.

கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு இருமல் வந்தது, கரகரப்பான, மூக்கில் லேசாகத் தட்டுகிற அவளுடைய இருமல். வெயில் சாயத் தொடங்கியபோது அவள் வாயை மூடியபடியே ஒரு முனகல் முனகினாள், முறத்தில் இருந்த இலைகள் அதிர்ந்தன. கடைக்காரர் அவள் சுற்றிய தொளதொளப் பீடிகளை அன்றைக்கு ஒடிக்காமல் எடுத்துக்கொண்டார்.

"வருது மைனி, வருது," என்று வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்தாள், அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவசரப்படாத. தானா எறங்கி வரட்டும். முத முத என்ன சொல்லப்போற?"

ஆவுடைத்தங்கம் தன் வீடு இருக்கும் திசையைக் கையால் காட்டினாள். அது போதும், எல்லாருக்கும் புரிந்தது. முதல் சொல் செண்பகத்தின் பேராக இருக்கவேண்டும் என்றுதான் அவள் இத்தனை மாதமும் வாயை வைத்திருந்தாள். சூரியன் விழும்போது மகள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள். அவள் தெருவில் நடந்துபோகப் போக, வாசலில் நின்றவர்கள் பேசாமல் கும்பிட்டார்கள். டீக்கடைக்காரர் பானையை விட்டு எழாமலேயே கும்பிட்டார். எந்த வீட்டிலிருந்தும் எந்தச் சத்தமும் இல்லை. மலை உச்சியில் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தன் வீட்டு முடுக்கு திரும்பும்போது பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. குரல் கொடுக்கவேண்டிய இடமல்லவா. தொண்டைக்குள் ஏதோ நனைந்து மேலே ஏறி வந்தது, "நா" என்று வெளியே கேட்டது. அவளுடைய சத்தம், அவளுடைய காதிலேயே கேட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், மீதிச் சொல் வர ஒரு மூச்சு இழுத்தாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரலே சிரிக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே பானைகள் அடுக்கிய மூலையில், சுவரைப் பார்த்துக் காலை மடக்கி, செண்பகம் உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு முதுகு. கையில் போன், சூடம் பட்டுச் சிவந்த அதே கையில்.

"சத்தியம் பண்ணுனது நூலகத்தக் கேக்க மாட்டேன்னுதானம்மா," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீ நூலகமா? நீ எங்கம்மால்லா. ஒங்கிட்டப் பேசாம ஒரு பகல் முழுக்க எப்படிம்மா இருக்க? காலைலேர்ந்து எவ்வளவு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இன்னைக்கு நீ போயிருவியாம். எங்க போவ, என்னய விட்டுட்டு?"

"நான் எங்களா போவேன்," என்றது ஆவுடைத்தங்கத்தின் குரல். "இங்கதான் இருப்பேன். அழாதட்டி."

முடுக்கில் நின்றவளின் தொண்டையில் ஏறி வந்தது அப்படியே காய்ந்து கீழே இறங்கியது. அவள் இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைத்து வாசலுக்கு வந்தாள். நிழல் உள்ளே விழுந்தது. செண்பகம் காலடிச் சத்தத்தைக் கேட்டாள், திரும்பிப் பார்க்காமல் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரும்மா, யாரோ வந்திருக்காங்க," என்றாள் போனிடம்.

"யாருன்னு கேளு தாயி," என்றது குரல்.

"யாரு?" என்று செண்பகம் சுவரைப் பார்த்தபடியே குரல் கொடுத்தாள்.

ஆவுடைத்தங்கம் வாயைத் திறந்தாள்.